நோவது தோளில், இறுகியிருப்பது முதுகில்: வாசகர் கேள்வி பதில்

நாட்பட்ட தசைவலியை வீட்டிலேயே அமுக்கித் தணித்துக்கொள்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பதில் சொல்பவர்கள் இயன்முறை மருத்துவர்கள். ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

பனியன் கம்பெனியில் பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் இயந்திரத்தில், தைக்கிறேன். வயது 38. மதியத்துக்கு மேல் வலது தோள்மேடு விறைத்துவிடுகிறது. சாயங்காலம் ஆனால் அதே பக்கம் நெற்றிப்பொட்டில் தலைவலி. தைலம் தடவினால் அரை மணி நேரம் பரவாயில்லை, பிறகு பழையபடிதான். கண் டாக்டரிடம் காட்டியாயிற்று, பார்வையில் குறை இல்லை என்கிறார். நானே என்ன செய்துகொள்ளலாம்?
வாசகி, திருப்பூர்

உங்களுக்கு இரண்டு வலி இருப்பதாகத் தெரியவில்லை. பிடரியிலிருந்து தோள் முனை வரை இறங்குகிற டிரபீசியஸ் தசை இறுகினால், அதன் வலி கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதுக்குப் பின்னால் வளைந்து, நெற்றிப்பொட்டில் வந்து நிற்கும். தைலத்தை நெற்றியில் தடவுகிறீர்கள், கோளாறு தோள்மேட்டில் இருக்கிறது.

தசையில் ஓரிடத்தில் உள்ள கோளாறு வேறொரு இடத்தில் வலியாகத் தெரியும் என்பதை 1938-ல் லண்டன் மருத்துவர் கெல்கிரன், தசைகளில் உப்புக் கரைசலை ஊசியால் செலுத்திக் காட்டினார். பிறகு அமெரிக்காவில் ஜேனட் டிராவெல் எந்தத் தசை எங்கே வலியை அனுப்பும் என்று உடல் முழுவதற்கும் படம் வரைந்து வைத்தார். 1961-ல் அதிபர் கென்னடிக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்தவர் இவர்தான். கென்னடிக்குத் தீராத முதுகுவலி. அமுக்கினால் வேறிடத்தில் வலியைக் கிளப்புகிற இந்த இறுகிய புள்ளிகளை டிரிக்கர் பாயின்ட் என்கிறார்கள். அந்தப் புள்ளிக்குள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அந்தச் சண்டை முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. செய்முறை எளிது, செலவும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து, வலது முழங்கையை மடித்து மடியில் ஒரு தலையணைமேல் வையுங்கள். கை தொங்கிக்கொண்டிருந்தால் அதைத் தாங்கும் வேலையை அந்தத் தசை பார்த்துக்கொண்டே இருக்கும், இளகாது. இடது கையால் தோள்மேட்டுச் சதையைக் கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாகக் கவ்வுங்கள். எலும்பை விட்டுவிட்டுச் சதையை மட்டும் சற்றுத் தூக்க வேண்டும். விரல்களுக்கு இடையே பென்சில் கனத்துக்கு ஒரு நார் உருளுவது தெரியும். அதை மெல்ல நசுக்கும்போது நெற்றிப்பொட்டு வலி லேசாக எட்டிப் பார்த்தால் இடம் சரி. மூச்சை வெளியே விட்டபடி பத்து எண்ணும்வரை பிடித்து, விடுங்கள். ஐந்தாறு தடவை போதும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், இரவில் என மூன்று வேளை செய்ய வேண்டும். இரவில் மட்டும் அரை மணி நேரம் பிசைவதைவிட இதுதான் பலன் தரும். தசை ஒரு நாளில் பல தடவை இறுகுகிறது, ஒரே தடவை இளக்கிவிட்டால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பும் வலித்தால் அங்கே கை எட்டாது. ஒரு டென்னிஸ் பந்தைப் பழைய காலுறைக்குள் போட்டு, காலுறையின் நுனியைப் பிடித்தபடி பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்துச் சாயுங்கள். காலுறை எதற்கென்றால், பந்து நழுவிக் கீழே விழாது, இடத்தை மாற்றவும் வசதி. முழங்காலை மடக்கி நீட்டினால் பந்து மேலும் கீழும் உருளும். முதுகெலும்பின்மேல் ஏற விடாதீர்கள். இரண்டு விரல் தள்ளியே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, தோளைக் காதருகே தூக்கி வைத்துக்கொண்டு தைத்தால் ஒரு வாரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். மேஜை உயரத்தை உங்களால் மாற்ற முடியாது, உட்காரும் உயரத்தை மாற்றலாம். முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்வரை துணியை மடித்துப் போட்டு உட்காருங்கள். பெடல் கால் எட்டுகிறதா என்றும் பாருங்கள். தைக்க வேண்டிய பண்டில் பின்னால் இருந்தால் முன்பக்கம் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பண்டில் முடிந்ததும் இரண்டு கையையும் தொங்கவிட்டுத் தோளை ஐந்து தடவை பின்னோக்கிச் சுழற்றுங்கள். சூப்பர்வைசர் திட்டுகிற அளவுக்கு நேரம் பிடிக்காது.

பைக்கில் உணவு டெலிவரி செய்கிறேன். வலது தோளின் முன்பக்கம் ஆழமாக வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைகிறது. முன்பக்கத்தை எவ்வளவு தேய்த்தாலும் குறையவில்லை.
வாசகர், சென்னை

பின்பக்கம் தேய்த்துப் பாருங்கள். தோள்பட்டை எலும்பின் பின்புறத்தைத் தடவினால் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அதற்குக் கீழே எலும்பை மூடியபடி இருக்கும் தசை இன்ஃப்ராஸ்பினேட்டஸ். கையை வெளிப்பக்கம் திருப்புகிற வேலை இதனுடையது. இது வலிக்கும்போது வலி பின்னால் தெரியாது, தோளின் முன்பக்கத்தில் ஆழத்தில்தான் தெரியும். சிலருக்குக் கை வழியாகவும் இறங்கும். கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பல மணி நேரம் பிடிப்பவர்களுக்கும், பையை எடுக்க அடிக்கடி பின்னால் கை நீட்டுபவர்களுக்கும் இது சகஜம்.

தசையை அடையாளம் காண, வலது முழங்கையை உடலோடு ஒட்டி மடக்கி வைத்து, உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பித் திருப்பிப் பாருங்கள். இடது கை விரல்களை அக்குள் பக்கமாகக் கொண்டுபோய்த் தோள்பட்டைமேல் வைத்தால், ஒவ்வொரு திருப்பலுக்கும் இறுகித் தளர்வது தெரியும். அந்த இடத்தில் பந்தை வைத்து, சற்றே பக்கவாட்டில் திரும்பி நின்று சுவரில் சாயுங்கள். நேராக நின்றால் பந்து முதுகெலும்புப் பக்கம் போய்விடும். குறுக்கு மேட்டுக்கு இரண்டு விரல் கீழே நன்றாக நோகிற ஓர் இடம் கிடைக்கும். அதன்மேல் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் மெதுவாக எட்டுப் பத்துத் தடவை உருட்டுங்கள். ஒரு உருட்டலுக்கு இரண்டு மூன்று நொடி. நாளைக்கு மூன்று நான்கு வேளை.

தொடங்கும் முன் ஒரு சோதனை. முழங்கையை உடலோடு ஒட்டி வைத்து, வேறொருவரை உங்கள் கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அவர் திருப்பினாலும் ஓர் அளவுக்குமேல் போகாமல் பூட்டிக்கொண்டால், அது தசைப் பிடிப்பாக இருக்காது. தோள்மூட்டின் உறை இறுகுகிற ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ ஆகலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அதற்குப் பந்து உதவாது, மருத்துவர் பார்க்க வேண்டும். இன்னொன்று எல்லோருக்குமாக: மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ தோள், இடது கை, தாடை வலித்து, ஓய்வெடுத்தால் குறைகிறதென்றால், அல்லது வலியோடு வியர்த்துக் கொட்டுகிறதென்றால், அமுக்கிப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். வலி நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

கால் வலி, முதுகு வலி என்றால் பேரனை ஏறி மிதிக்கச் சொல்வேன். எட்டு வயது. சுகமாக இருக்கிறது. மருமகள் வேண்டாம் என்கிறாள். எவ்வளவு அழுத்தம் சரி?
வாசகி (வயது 66), மன்னார்குடி

முதுகைப் பொறுத்தவரை மருமகள் சொல்வதுதான் சரி. உங்கள் வயதில் பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகியிருப்பது பலருக்குத் தெரியாமலே இருக்கும். எட்டு வயதுப் பையன் இருபது, இருபத்தைந்து கிலோ. அவன் குதிகால் ஒரே இடத்தில் பதிந்தால் விலா எலும்போ முதுகெலும்பின் கட்டையோ விரிசல் விட அது போதும். தொடையிலும் கெண்டைக்காலிலும் அவன் உட்கார்ந்து கையால் பிடித்துவிடட்டும். முழங்காலின் பின்குழியில் மட்டும் அழுத்த வேண்டாம். ரத்தக்குழாயும் நரம்பும் அங்கே மேலாகவே ஓடுகின்றன.

அழுத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. வலியே இல்லாததைப் பூஜ்யம், தாங்கவே முடியாததைப் பத்து என்று வைத்தால், அமுக்கும்போது ஐந்தைத் தாண்டக்கூடாது. பழகியவர்கள் ஆறு வரை போகலாம். ‘நோகிறது, ஆனாலும் இதமாக இருக்கிறது’ என்கிற நிலை. பல்லைக் கடிக்கிறீர்கள், மூச்சைப் பிடிக்கிறீர்கள் என்றால் அழுத்தம் அதிகம். அப்போது தசை தன்னைக் காத்துக்கொள்ள மேலும் இறுகும், அமுக்கியதன் பலன் அங்கேயே போயிற்று. மறுநாள் தொட்டால் நோவு இருக்கலாம். கன்றிப்போய் நீலம் பாய்ந்திருந்தால் அது தவறு. அந்த இடத்தை நான்கைந்து நாள் விட்டுவிட்டு, பிறகு பாதி அழுத்தத்தில் தொடங்குங்கள்.

எந்த எண்ணெய் நல்லது? நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, கடையில் விற்கும் வலித் தைலமா?
வாசகர், கும்பகோணம்

தோல் வழுக்குவதற்குத்தான் எண்ணெய். நீளமாக நீவுவதற்கு நல்லெண்ணெய் வசதி, சீக்கிரம் உறிஞ்சாது. ஒரு புள்ளியைக் குறிவைத்து அமுக்குவதானால் எண்ணெயே வேண்டாம். விரல் வழுக்கிப் பக்கத்தில் போய்விடும். சூடு செய்ய வேண்டுமென்றால் எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வையுங்கள், அடுப்பில் நேராக வைக்காதீர்கள். தைலத்தில் உள்ள காரம் தோலை உறைக்கச் செய்து வலியைச் சற்று மறக்கடிக்கும். அவ்வளவுதான், தசை இளகாது. தைலம் தடவிய இடத்தில் ஹாட் வாட்டர் பேக் வைத்தால் தோல் வெந்து கொப்புளம் வரும். இதைச் செய்து புண்ணாக்கிக்கொள்பவர்கள் ஏராளம்.

வறட்டு ஒத்தடம் அமுக்குவதற்கு முன்னால் நல்ல துணை. ஒரு ஆழாக்கு கல் உப்பை வெறும் வாணலியில் வறுத்து, பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் சூடு பார்த்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றுங்கள். பிறகு அமுக்கினால் பாதி அழுத்தத்திலேயே தசை இளகும்.

பள்ளி ஆசிரியை நான். நாள் முழுக்க நின்றபடி வேலை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகாலில் ஆணி குத்துவதுபோல் வலி. பத்து அடி நடந்தால் குறைகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். எலும்பு வளர்ந்திருந்தால் மசாஜ் செய்து என்ன பயன்?
வாசகி, மதுரை

எலும்பை மறந்துவிடுங்கள். குதிகாலில் முள்போல் எலும்பு நீட்டிக்கொண்டிருப்பவர்களில் நிறையப் பேருக்கு வலியே இருப்பதில்லை. எலும்பு வளராதவர்களில் நிறையப் பேருக்கு இதே வலி இருக்கிறது. முதல் அடியில் வலித்து, நடக்க நடக்கக் குறைந்து, நாள் முடிவில் மறுபடி வருகிறதென்றால், உள்ளங்காலைத் தாங்கும் பட்டையான நார் குதிகாலில் ஒட்டுகிற இடத்தில்தான் பிரச்னை. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கி வளைந்திருப்பதால் அந்த நார் சுருங்கிக் கிடக்கும். முதல் அடி வைத்ததும் வெடுக்கென்று இழுபடுகிறது.

ஆகவே முதல் அடிக்கு முன்பே அதை இழுத்துவிட வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து வலிக்கிற காலை மறு முழங்கால்மேல் போடுங்கள். கால்விரல்களின் அடியில் கை கொடுத்து, உள்ளங்காலில் நார் விறைத்து நிற்கும்வரை விரல்களை முன்னங்கால் பக்கமாக மடக்குங்கள். பத்து நொடி பிடித்து விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை. நாளைக்கு மூன்று வேளை, அதில் முதல் வேளை கட்டாயம் தரையில் கால் வைக்கும் முன். குதிகால் வலிக்கு வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதைவிட நம்பகமானது இல்லை என்பது எங்கள் எண்ணம். இதைச் செய்யாமல் பந்து மட்டும் உருட்டுபவர்களுக்குப் பலன் குறைவு.

அடுத்தது கெண்டைக்கால். உள்பக்கம், குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தடித்த நார் தொடங்குகிற இடத்துக்குச் சற்று மேலே அமுக்கிப் பாருங்கள். சோலியஸ் என்ற தசை அங்கே இறுகியிருந்தால், வலி நேராகக் குதிகாலில் போய்த் தெரியும். அதை இளக்கக் கையே வேண்டாம். மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்கி, வலிக்கிற காலின் கெண்டையை மறு காலின் முழங்கால் சில்லின்மேல் போடுங்கள். காலின் பாரமே அழுத்தம். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மெதுவாக இழுங்கள். நோகிற இடம் வந்ததும் அங்கே மட்டும் ஏழெட்டுத் தடவை குட்டையாக இழுத்துவிட்டு நகருங்கள். முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் இப்படிச் செய்யாமல், நாற்காலியில் உட்கார்ந்து சப்பாத்திக் கட்டையால் உருட்டலாம்.

கடைசியாகத்தான் பந்து. உட்கார்ந்தபடி பந்தைப் பாதத்தின் கீழ் வைத்து விரலடியிலிருந்து குதிகாலுக்கு முன்வரை ஒரு நிமிடம் உருட்டுங்கள். வலி உச்சமாக இருக்கிற குதிகால் புள்ளியின்மேல் ஏற்றி நசுக்க வேண்டாம், அந்த இடம் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது. எழுந்து நின்று முழுப் பாரத்தையும் போடுவது அதைவிடத் தவறு. பள்ளியிலிருந்து வந்ததும், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி ஐந்து நிமிடம் உருட்டினால் அன்றைய வலி தணியும்.

டைல்ஸ் தரையில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். சமையலறைக்கென்றே குதிகால் பக்கம் சற்று உயர்ந்த, வளையாத செருப்பு ஒன்று இருக்கட்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். முழுதாகப் போக மாதங்கள் ஆகலாம். அவசரப்பட்டு ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் அந்த நார் அறுந்துபோகும் அபாயம் இருக்கிறது.

லாரி டிரைவர். இடது இடுப்பிலிருந்து கால் பக்கவாட்டில் கணுக்கால் வரை வலி இழுக்கிறது. சயாட்டிகா என்கிறார்கள். மசாஜ் செய்யலாமா?
வாசகர், நாமக்கல்

முதலில் எது என்று பிரியுங்கள். இருமினாலோ தும்மினாலோ வலி காலில் மின்சாரம்போல் பாய்கிறதா? பாதத்தில் மரத்துப்போன இடம் உண்டா? குதிகாலால் நடக்கச் சொன்னால் முன்பாதம் தொய்ந்து விழுகிறதா? இவற்றில் எது இருந்தாலும் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டு (டிஸ்க்) காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது, அதாவது சயாட்டிகா, என்று சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அதுவும் அறுவை இல்லாமல் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் குறையும், ஆனால் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். சிறுநீர் போவதில் தடை, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஆகியவை வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. சரக்கை இறக்கிவிட்டுப் போகலாம் என்று தள்ளாதீர்கள்.

இவை எதுவும் இல்லாமல் வலி மட்டும் இழுக்கிறதென்றால், இடுப்பின் பக்கவாட்டில் ஆழத்தில் இருக்கும் சிறு பிட்டத் தசை காரணமாக இருக்கலாம். இதன் வலி சயாட்டிகாவைப் போலவே கணுக்கால் வரை இறங்கி ஏமாற்றும். பேன்ட்டின் பக்கத் தையலில், இடுப்பெலும்பு விளிம்புக்கும் தொடை எலும்பின் புடைப்புக்கும் நடுவே பந்தை வைத்துச் சுவரில் சாயுங்கள். வழியில் வண்டி நிறுத்தினால் லாரியின் பக்கப் பலகையே போதும். காலில் வருகிற அதே வலி எழுகிற இடத்தைத் தேடி, எட்டுப் பத்துத் தடவை மெதுவாக உருட்டுங்கள். பிட்டத்தின் நடுவில் அழுத்தும்போது கால் மரத்தால் பந்து சயாட்டிக் நரம்பின்மேல் இருக்கிறது, உடனே நகர்த்துங்கள். சீட்டில் பந்தை வைத்து அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் உண்டு. வேண்டாம், மணிக்கணக்கில் ஒரே இடத்தை அழுத்தினால் நரம்புதான் கெடும்.

பின் பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் இன்றே சட்டைப் பைக்கு மாற்றுங்கள். லைசென்ஸும் சில்லறையுமாகத் தடித்த பர்ஸ் ஒரு பக்க இடுப்பைத் தூக்கி வைத்திருக்கும்.

தேங்காய் துருவும்போதும் துணி பிழியும்போதும் வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்கிறது. தோசைக் கரண்டியைத் தூக்கவே பயமாக இருக்கிறது.
வாசகி, நாகர்கோவில்

டென்னிஸ் எல்போ என்று இதற்குப் பெயர், டென்னிஸ் ஆடாதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வலிக்கிற எலும்பு முனையைத் தேய்க்காதீர்கள். மேஜைமேல் முன்கையை உள்ளங்கை கீழே பார்க்க வைத்து, முழங்கையிலிருந்து மூன்று விரல் கீழே, மணிக்கட்டை மேலே தூக்கினால் புடைக்கிற சதையைப் பாருங்கள். அதை மறு கையின் முழங்கை முனையாலோ, சுவருக்கு நடுவே வைத்த பந்தாலோ முழங்கை நோக்கிக் குட்டையாகப் பத்துத் தடவை இழுங்கள். மூன்று வேளை.

இளகினால் மட்டும் போதாது, அந்தத் தசைநார் பலப்பட வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, முன்கையை மேஜை விளிம்பில் வையுங்கள். மணிக்கட்டை மறு கையால் தூக்கிவிட்டு, தானாக ஐந்து நொடியில் மெதுவாக இறக்குங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று சுற்று, நாளைக்கு ஒரு வேளை. லேசான வலி பரவாயில்லை. மறுநாள் வலி கூடியிருந்தால் பாட்டிலைப் பாதி காலி செய்யுங்கள். துணியை முறுக்கிப் பிழியாமல், குழாயில் சுற்றிப் போட்டு இழுத்தால் மணிக்கட்டுக்கு வேலை குறையும்.

இங்கேயே எல்லோருக்கும் ஒரு வார்த்தை. கட்டைவிரலால் ஊன்றி அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் மூட்டைக் கெடுத்துக்கொள்பவர்கள் அநேகம். விரல் முட்டி, முழங்கை, பந்து, கட்டை என்று எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும்போது கட்டைவிரலின் அடி சுரீர் என்றால் அங்கே தசைநாரின் உறை வீங்கியிருக்கலாம். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கு இது அடிக்கடி வரும். அதைத் தேய்த்தால் மோசமாகும். பட்டை போட்டு ஓய்வு கொடுக்க வேண்டும்.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைச் சொடுக்கிவிடுகிறார்கள். பிடிப்பு விட்டதுபோல் இருக்கிறது. தொடரலாமா?
வாசகர், சேலம்

வேண்டாம். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்கு இரண்டு ரத்தக்குழாய்கள் போகின்றன. கழுத்தை வெடுக்கென்று திருகும்போது அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் முடி வெட்டப் போன இடத்தில் ஏற்க வேண்டிய அபாயம் இல்லை. ஏற்கெனவே சொடுக்கிய பின் இதுவரை இல்லாத கழுத்துவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல் ஏதாவது இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அந்த இதத்துக்கு வேறு வழி: இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரே காலுறையில் போட்டு இறுக்க முடிச்சிடுங்கள். தரையில் மல்லாந்து படுத்து, மண்டையோட்டின் கீழ் விளிம்பில் நடுக்குழிக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பந்து வருமாறு வைத்துத் தலையைச் சாய்த்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம், இடையிடையே ‘ஆமாம்’ என்பதுபோல் மிகச் சிறிதாகத் தலையசைத்தால் போதும். கழுத்தின் முன்பக்கமும் நாடி துடிக்கிற இடமும் வீட்டு மசாஜுக்கு உரியவை இல்லை.

அம்மாவுக்கு 68 வயது. இதய வால்வு மாற்றியபின் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். சர்க்கரையும் உண்டு. இரவில் கெண்டைக்கால் வலி என்கிறார். நான் தினமும் அமுக்கிவிடலாமா?
வாசகி, தூத்துக்குடி

தைலமே இல்லாமல், உள்ளங்கையால் தடவுகிற அளவுக்கு நீவிவிடுங்கள், அதற்குமேல் வேண்டாம். வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்றவை சாப்பிடுபவர்களுக்கு ஆழ அமுக்கினால் தசைக்குள் ரத்தம் கசிந்து கட்டும். பல வலித் தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட் தோல் வழியாக உள்ளே போய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். அவர் தைலம் பூசுவது வழக்கமென்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்நீர் ஒத்தடமும் ஆபத்து. வெந்துபோனது அவருக்கே தெரியாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் நாளத்தில் ரத்தக்கட்டி இருக்கலாம். தொட்டு அமுக்கவே கூடாது. கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும், அன்றே காட்ட வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் இறுக்கி வலித்து, நின்றால் ஓரிரு நிமிடத்தில் விடுகிறதென்றால் காலுக்கு ரத்த ஓட்டம் குறைவாக இருக்கலாம். சர்க்கரை, புகைபிடித்தல் உள்ளவர்களிடம் இதைத் தசைவலி என்று நினைத்து மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம்.

மூன்று மாதமாகப் பந்து, ஒத்தடம் எல்லாம் முறையாகச் செய்கிறேன். அன்றைக்குக் குறைகிறது, மறுநாள் திரும்ப வருகிறது. எங்கே தவறு?
வாசகர், கோயம்புத்தூர்

அன்றைக்குக் குறைகிறது என்றால் இடம் சரி. மறுபடி வருவதற்குக் காரணம் வெளியே இருக்கிறது. எந்த வேலைக்குப் பின், எந்த மணிக்கு வலி தொடங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். பெரும்பாலும் லேப்டாப், தலையணை, வண்டி சீட், ஒரு தோளில் மாட்டும் பை என்று ஏதோ ஒன்று அகப்படும். வலிக்கிற தசைக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் இளக்கிக்கொண்டே இருப்பதும் ஒரு காரணம். பலமில்லாத தசை சீக்கிரம் களைத்து மறுபடி இறுகும்.

உடல் முழுக்கப் பல இடங்களில் வலி என்றால் பந்தை ஓரமாக வைத்துவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு குறைவும் வைட்டமின் டி குறைவும் தசைவலியாகவே வெளிப்படும். வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு, அளவை மருத்துவர் சொல்லட்டும். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கியபின் இரு தொடையும் தோளும் வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். சிறுநீர் கறுத்துப் போனால் உடனே போங்கள். ஐம்பது வயதுக்கு மேல், இரு தோளும் இரு இடுப்பும் காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். சிக்குன்குனியா வந்துபோனவர்களுக்கு மூட்டு வீங்கியிருந்தால் அதன்மேல் அமுக்குவது வீக்கத்தைக் கூட்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி ஆகிய மூன்றும் எந்த வயதிலும் மசாஜுக்கு அப்பாற்பட்டவை.

தசையைத் தட்டித் தட்டி அதிர வைக்கிற மசாஜ் கன் வாங்கலாமா?
வாசகர், திருச்சி

தொடை, பிட்டம், கெண்டைக்கால் போன்ற சதைப்பிடிப்பான இடங்களுக்குப் பரவாயில்லை. மிகக் குறைந்த வேகத்தில், உருண்டைத் தலையை மாட்டி, ஓரிடத்தில் ஒன்று இரண்டு நிமிடம், அழுத்தாமல் தொட்டபடி நகர்த்த வேண்டும். கழுத்து, முதுகெலும்பு, விலா, அக்குள், அடிவயிறு, எலும்பு மேடுகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தோள்பட்டைக்குப் பின்னால் எட்டிப் பிடிப்பதற்குள் கை வலித்துவிடும். அந்த இடத்துக்குக் காலுறைக்குள் போட்ட பந்துதான் வசதி.